கோயில் பாத்ரூமில் துப்பாக்கி: உங்கள் சபையில் பாதுகாப்புக்கு என்ன செய்கிறீர்கள்?

#1 நாசரேத்_தம்பி

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். சபையின் பெயரைச் சொல்லப்போவதில்லை, கேட்காதீர்கள். டெக்சாஸில் டல்லாஸ் பக்கம் ஒரு வெள்ளைக்காரர் சபையின் கட்டடத்தை வாடகைக்கு எடுத்து ஞாயிறு மதியம் 2 மணிக்குத் தமிழ் ஆராதனை நடத்துகிறோம். 70, 80 பேர் வருவோம். பண்டிகை என்றால் 150. நான் கமிட்டி செயலாளர்.

போன மாதம் பிரசங்கம் நடந்துகொண்டிருந்தபோது சண்டே ஸ்கூல் பையன் ஒருவன், 6 வயசு, ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டே வந்து என் காதில் சொன்னான்: "அங்கிள், டாய்லெட் பேப்பர் டப்பா மேல துப்பாக்கி இருக்கு." ஏதோ பொம்மை என்றுதான் எழுந்து போனேன். இரண்டாவது தடுப்பில், பேப்பர் உருளை மாட்டும் தகரப் பெட்டியின் மேல், உள்ளங்கை அகலத்தில் கறுப்பாக ஒரு பிஸ்டல். எனக்கு அதைத் தொடவே தெரியாது. வெளிக்கதவைச் சாத்திவிட்டு வாசலில் நின்றுகொண்டேன். ஐந்து நிமிஷம் கழித்து நம்ம அண்ணன் ஒருத்தர் இடுப்பைத் தடவிக்கொண்டே ஓட்டமும் நடையுமாக வந்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை, அவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. சேம்பரில், அதாவது விசையை அழுத்தினால் உடனே வெடிக்கும் நிலையில், குண்டு இருந்தது என்று மறுநாள் அவரே போனில் சொன்னார்.

அவர் துப்பாக்கி கொண்டுவருவது எங்களைக் காப்பாற்றத்தான். 2019 டிசம்பரில் ஒயிட் செட்டில்மென்ட் என்ற ஊரில் ஒரு சபையில் துப்பாக்கிச்சூடு நடந்தது, எங்களுக்கு ஒரு மணி நேரத் தூரம். அதிலிருந்து அவரும் இன்னொருவரும் இடுப்பில் வைத்துக்கொண்டே வருகிறார்கள். 'செக்யூரிட்டி டீம்' வேண்டும் என்றார்கள், கமிட்டியும் தலையாட்டியது. முதுகில் 'செக்யூரிட்டி' என்று அச்சடித்த 20 கறுப்பு டீ-ஷர்ட்டும் வந்து என் கராஜில் கிடக்கிறது.

இப்போது சபை இரண்டாக நிற்கிறது. பாதிப் பேர் துப்பாக்கியே கூடாது என்கிறார்கள். பாதிப் பேர் இன்னும் நாலு பேரிடம் இருக்கட்டும் என்கிறார்கள். கட்டடக்காரர்கள் எழுத்தில் ஒரு பாதுகாப்புத் திட்டம் கேட்கிறார்கள். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

#2 டெக்சாஸ்மாமா

தம்பி, 22 வருஷமாகத் துப்பாக்கி வைத்திருப்பவன் சொல்கிறேன். அந்த அண்ணனை முதலில் உட்காரவைத்து நாலு வார்த்தை கேளுங்கள், நான் கேட்டேன் என்றே கேளுங்கள்.

பாத்ரூமில் இது ஏன் நடக்கிறது தெரியுமா? பெல்ட்டை அவிழ்த்தவுடன் துப்பாக்கியின் கனத்தில் ஹோல்ஸ்டர், அதாவது இடுப்பில் மாட்டும் உறை, கவிழும். பயந்துபோய் உருவி எதிரில் தெரிகிற மேடையில் வைப்பார்கள். கை கழுவும்போது மறந்துவிடும். ஹோல்ஸ்டரை விட்டு வெளியே எடுக்கவே கூடாது. பெல்ட்டின் கொக்கியை மறுபடி மாட்டி, ஹோல்ஸ்டரோடு அப்படியே கால்சட்டைக்குள் கணுக்காலில் கிடக்கட்டும். அசிங்கமாகத்தான் இருக்கும், மறந்துபோக முடியாது. பெண்கள் ஹேண்ட்பேக்கில் வைத்துக்கொண்டு பாட்டுக்குழுவில் நிற்பதும் இதே கதைதான். பை பெஞ்சில், பிள்ளை பெஞ்சில், ஆள் மேடையில். எங்கள் மாநிலத்தில் 17 வயதுக்குட்பட்டவர் கைக்கு எட்டும்படி குண்டு போட்ட துப்பாக்கியைப் போட்டுவைப்பது குற்றம், ஞாபகம் இருக்கட்டும்.

இன்னொன்று. கோயிலுக்குள் துப்பாக்கியைக் காட்டவோ கைமாற்றவோ கூடாது. 2017 நவம்பரில், சதர்லாண்ட் ஸ்பிரிங்ஸ் சபையில் 26 உயிர் போன சில நாளிலேயே, டென்னசியில் டெலிக்கோ பிளெயின்ஸ் என்ற ஊரில் ஒரு சபையில் வயசானவர்கள் கூடி இதையேதான் பேசிக்கொண்டிருந்தார்கள், கோயிலுக்குத் துப்பாக்கி கொண்டுவரலாமா என்று. 80 தாண்டிய ஒரு பெரியவர் "நான் எப்பவும் கொண்டுவருவேன்" என்று எடுத்துக் காட்டினார். குண்டு அடுக்கும் மேகசினைக் கழற்றி, சேம்பரைக் காலி பண்ணி, ஒழுங்காகத்தான் காட்டினார். பிறகு மேகசினை மாட்டி, குண்டை ஏற்றி, உறையில் போட்டார். அப்போது இன்னொருவர் வந்து "எங்கே, எனக்கும் காட்டு" என்றார். பெரியவர் திரும்ப குண்டு ஏற்றியதை மறந்துவிட்டார். விசையை அழுத்தியதும் குண்டு அவர் உள்ளங்கையைத் துளைத்து, பக்கத்தில் சக்கர நாற்காலியில் இருந்த மனைவியின் வயிற்றில் பாய்ந்தது. இரண்டு பேரும் பிழைத்தார்கள்.

டீ-ஷர்ட் விஷயம் இன்னும் சிக்கல். 2017-க்கு முன்னால் டெக்சாஸில் தொண்டர்கள் கோயில் காவல் பார்க்கவே பாதுகாப்பு நிறுவன லைசென்ஸ் வேண்டும். அந்த வருஷம் சட்டம் விலக்குக் கொடுத்தது. நிபந்தனை என்ன? சம்பளம் வாங்கக்கூடாது, 'செக்யூரிட்டி' என்று எழுதிய சீருடையோ பேட்ஜோ போடக்கூடாது. உங்கள் கராஜில் கிடப்பது விலக்கைக் கெடுக்கிற சீருடை.

#3 எச்1பி_எட்டாவது_வருஷம்

20 டீ-ஷர்ட்டா! கமிட்டி என்றால் முதலில் துணி எடுப்பது நம் ரத்தத்தில் ஊறியது :)

சிரிப்பு போகட்டும். தம்பி, அந்த டீமில் விசா என்ன என்று யாராவது கேட்டீர்களா? எச்-1பி, எஃப்-1, எச்-4 மாதிரி குடியேற்றம் இல்லாத விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ குண்டோ வைத்திருப்பது கூட்டரசுச் சட்டப்படி குற்றம். வேட்டை லைசென்ஸ் மாதிரி ஒன்றிரண்டு விதிவிலக்கு உண்டு. கிரீன் கார்டு வந்தால் கதை வேறு. மாநிலச் சட்டம் எவ்வளவு தாராளமாக இருந்தாலும் இதைத் தொடாது. "கொஞ்சம் பிடிச்சுக்கோ தம்பி, நான் ராப்போஜனம் எடுத்துட்டு வாரேன்" என்று யாராவது நீட்டினால் வாங்குகிறவனுக்கு வாழ்க்கையே போச்சு. எங்கள் சபையில் ஆண்களில் பாதிக்கு மேல் விசாக்காரர்கள். துப்பாக்கியை நம்பித் திட்டம் போட்டால் அவர்கள் எல்லாரும் சும்மா பார்க்கிற ஆட்கள். சந்தேகம் என்றால் இமிக்ரேஷன் வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள், வாட்ஸ்அப் குழுவில் கேட்காதீர்கள்.

#4 பழைய_உபதேசியார்

நான் மகன் வீட்டுக்கு வந்து தங்கியிருக்கிறேன். கணினியில் தட்டுவது மெதுவாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கெத்செமனேயில் பேதுரு பட்டயத்தை உருவினபோது, அதைத் திரும்ப உறையிலே போடு என்று ஆண்டவர் அவனிடம் சொன்னதை நாம் எல்லாரும் சிறுவயதில் மனப்பாடம் செய்தவர்கள்தானே. திருவிருந்து மேசைக்கு முன் முழங்காற்படியிடுகிற மனுஷன் இடுப்பில் இதை வைத்துக்கொண்டு எப்படிக் கை நீட்டுகிறான்? எங்கள் ஊர்க் கோயிலில் காவல் என்றால் கோயில்குட்டியார் ஒருவர்தான். கையில் ஒரு பிரம்பு. அதுவும் ஆடு உள்ளே வராமல் இருக்க. ஆனால் ஊரில் எந்த வீட்டில் சண்டை, எவன் குடித்துவிட்டு வருகிறான், எந்தப் பிள்ளை யாரோடு போகவேண்டும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும்.

#5 டெக்சாஸ்மாமா

ஐயா, உங்கள்மேல் மரியாதை உண்டு. ஆனால் அதே ஆண்டவர் லூக்கா 22-ல் பட்டயம் இல்லாதவன் வஸ்திரத்தை விற்று வாங்கச் சொன்னதும் இருக்கிறது. வசனத்துக்கு வசனம் போனால் விடிந்துவிடும்.

ஒயிட் செட்டில்மென்டில் என்ன நடந்தது என்று பார்ப்போம். 2019 டிசம்பர் 29, ராப்போஜன நேரம். பொய்த்தாடி, விக், நீளக் கோட்டு. ஆள் உள்ளே வந்தபோதே டீம் கவனித்துவிட்டது. ஒரு கேமராவை அவன்மேலேயே வைக்கச் சொன்னார்கள். எழுந்து ஷாட்கன்னை எடுத்துச் சுட்டான், இரண்டு பேர் போய்விட்டார்கள். ஜாக் வில்சன் என்ற தொண்டர் ஒரே குண்டில் அவனை விழுத்தினார். தொடக்கத்திலிருந்து முடிவுவரை 6 விநாடி. போலீஸ் எவ்வளவு வேகமாக வந்தாலும் 6 விநாடியில் வராது. துப்பாக்கி வேண்டாம் என்பவர்கள் அந்த 6 விநாடிக்கு என்ன பதில் வைத்திருக்கிறீர்கள்?

#6 வெள்ளைப்புறா

நான் ஹூஸ்டனில் எமர்ஜென்சி நர்ஸ். பதில் சொல்கிறேன் மாமா, நீங்கள் சொன்ன சம்பவத்திலிருந்தே.

வில்சன் வருஷக்கணக்காகத் துப்பாக்கிப் பயிற்சி கொடுத்தவர். சொந்தமாகப் பயிற்சிக் களமே வைத்திருந்தார். இறந்த இருவரில் ஒருவரும் அதே பாதுகாப்பு டீம்தான். தன் துப்பாக்கியை எடுக்கும்போதுதான் சுடப்பட்டார். வீடியோவில் அதற்கப்புறம் பெஞ்சுகளுக்கிடையே இன்னும் பலர் துப்பாக்கியோடு எழுந்து நடப்பது தெரியும். எல்லாரும் விரலை அடக்கிக்கொண்டதால் தப்பித்தார்கள். டாய்லெட் பெட்டிமேல் மறந்துவைத்த நம் அண்ணன் அந்த நடுவில் நின்றால்? அவரை வில்சன் என்று நினைத்துத் திட்டம் போடாதீர்கள், அவ்வளவுதான் சொல்கிறேன்.

தம்பி சபைக்கு இன்னும் பொருந்துகிற சம்பவம் கலிபோர்னியா லகுனா வுட்ஸ், 2022 மே 15. தைவான்காரர் சபை. அவர்களும் இன்னொரு சபையின் கட்டடத்தில் கூடுகிறவர்கள், பெரும்பாலும் முதியவர்கள். பழைய போதகர் ஊரிலிருந்து வந்திருந்தார், ஆராதனை முடிந்து விருந்து. அப்படியே நம் அசனம் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். தெரியாத ஒருவன் வந்து அவர்களோடேயே உட்கார்ந்திருந்தான். கதவுகளைச் சங்கிலி போட்டும், பூட்டில் பசை ஊற்றியும் அடைத்துவிட்டுச் சுட ஆரம்பித்தான். ஜான் செங் என்ற டாக்டர் அவன்மேல் பாய்ந்தார், உயிரைக் கொடுத்தார். போதகர் நாற்காலியைத் தூக்கி எறிந்தார். எக்ஸ்டென்ஷன் வயரால் அவன் காலைக் கட்டிப்போட்டார்கள். ஐந்து பேருக்குக் காயம், இறந்தவர் அவர் ஒருவரே.

இதைப் படித்த பிறகு நான் எங்கள் கோயிலில் முதலில் செய்த காரியம், கதவுகளை எண்ணியது. ஏழு. அதில் மூன்று கதவு எனக்கே தெரியாது. ஒன்று அடுப்படிக்குப் பின்னால், மடக்கு நாற்காலிகளை அடுக்கி மறைத்து வைத்திருந்தார்கள். தம்பி, உங்கள் கட்டடத்தில் எத்தனை? எது எது உள்ளிருந்து சாவி இல்லாமல் திறக்கும்? எந்தச் சாவி யாரிடம்?

அடுத்தது ரத்தம். கை காலில் பெரிய நாளம் அறுந்தால் ஐந்து நிமிஷத்துக்குள் ஆள் போய்விடலாம். ஆம்புலன்ஸ் வந்தாலும், உள்ளே ஆபத்தில்லை என்று போலீஸ் சொல்லும்வரை வெளியே நிற்கக்கூடும். டூர்னிகே, அதாவது ரத்தத்தை நிறுத்த முறுக்கிக் கட்டும் பட்டை, வாங்கி வையுங்கள். காயத்துக்கு இரண்டு மூன்று அங்குலம் மேலே, மூட்டின்மேல் இல்லாமல், ரத்தம் நிற்கும்வரை முறுக்கவேண்டும். அலறுவார்கள், அதற்காகத் தளர்த்தக்கூடாது. கட்டிய நேரத்தை எழுதிவையுங்கள். அமெரிக்கா முழுக்க 'ஸ்டாப் த பிளீட்' வகுப்பு நடத்துகிறார்கள், இரண்டு மணி நேரத்துக்குள் முடியும். விசாக்காரர், பாட்டி, பதினைந்து வயசுப் பிள்ளை, யாரும் கற்கலாம். இதயம் திடீரென்று நின்றுபோனால் மின்னதிர்ச்சி கொடுக்கும் ஏ.இ.டி. பெட்டியும் கூடவே. உண்மையைச் சொன்னால் நம் கோயிலில் அதுதான் முதலில் தேவைப்படும். பிரியாணி, சர்க்கரை, ஐம்பது வயசு ஆண்கள்.

#7 சும்மா_எட்டிப்பார்த்தேன்

இவ்வளவு யோசிக்க என்ன இருக்கு? தமிழ் ஆராதனைக்குத் தமிழர் அல்லாதவன் எதுக்கு வரான்? வாசலிலேயே நிறுத்தினா முடிஞ்சுது.

#8 எச்1பி_எட்டாவது_வருஷம்

அண்ணே, போன மாதம் எங்கள் கோயிலுக்கு வந்த தமிழர் அல்லாதவர் தண்ணீர்க் குழாய் ரிப்பேர்க்காரர். வேலை முடிந்து உட்கார்ந்து பாட்டுக் கேட்டுவிட்டுப் போனார்.

முகத்தை வைத்து ஆளைப் பிடிக்கிறவர்கள் முதலில் நம் முகத்தைத்தான் பிடிப்பார்கள். 2012-ல் ஓக் கிரீக் குருத்வாராவில் வெள்ளை இனவெறியன் ஒருவன் சீக்கியர்களைச் சுட்டுக் கொன்றதைப் பாருங்கள். சதர்லாண்ட் ஸ்பிரிங்ஸில் சுட்டவன் யாரோ அந்நியன் இல்லை, அவன் மாமியார் அந்தச் சபைக்கு வருகிறவர். முன்னாலேயே மனைவியையும் பிள்ளையையும் அடித்ததற்காக விமானப்படையில் தண்டனை வாங்கியவன். அந்தத் தண்டனையை விமானப்படை பதிவேட்டில் ஏற்றாமல் விட்டதால் கடையில் துப்பாக்கி கிடைத்தது. உபதேசியார் ஐயா சொன்ன கோயில்குட்டியாருக்கு இதுதான் தெரிந்திருக்கும்: எந்த வீட்டில் சண்டை என்று. நம் சபையில் விவாகரத்து வழக்கு, பிள்ளை யாரிடம் என்ற தகராறு இல்லையா? மூடி மூடி வைக்கிறோம். சண்டே ஸ்கூல் முடிந்ததும் பிள்ளை யார் கையில் போகிறது என்று டீச்சருக்குத் தெரியாது.

#9 கல்லடிப்பாலம்

நான் மட்டக்களப்பு. கனகாலமா டொரொன்டோவில. எழுதுவமா விடுவமா எண்டு ரெண்டு நாள் யோசிச்சன்.

2019 உயிர்த்த ஞாயிறு, ஏப்ரல் 21. கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டி, எங்கட சீயோன் தேவாலயம். ஹோட்டல்களும் சேர்த்து தற்கொலைக் குண்டு வெடிச்சு 260 பேருக்கு மேல செத்தவை. சீயோனில அண்டைக்கு சண்டே ஸ்கூல் முடிஞ்சு பிள்ளையள் வெளியில முத்தத்தில நிண்டு சாப்பிட்டுக்கொண்டு நிண்டவை. பெரிய பையோட ஒருத்தன் வந்தவன். அங்க நிண்ட ஒரு தகப்பனுக்கு மனசில ஏதோ பட்டிருக்கு. என்ன பை எண்டு கேட்டார். வீடியோ எடுக்கிற சாமான் எண்டான். எடுக்கிறதெண்டா அனுமதி வேணும், உள்ள போகேலாது எண்டு வெளியில அனுப்பினார். அங்கதான் வெடிச்சது. மண்டபத்துக்குள்ள நூற்றுக்கணக்கான சனம். அந்தத் தகப்பனும் இல்ல, முத்தத்தில நிண்ட பிள்ளையளில கனபேரும் இல்ல.

துப்பாக்கிக் கதைக்கு நான் வரேல்ல. ரெண்டு விசயம்தான். வாசலில நிக்கிற ஆள் கேள்வி கேக்கிற ஆளா இருக்கோணும். வெறுமனே கைகூப்பி பாட்டுப் புத்தகம் குடுக்கிற ஆள் காணாது. மற்றது, பிள்ளையளை வாசலுக்கும் வாகனம் நிப்பாட்டுற இடத்துக்கும் நடுவில சாப்பிட விடாதேங்கோ. பின்னுக்கு விடுங்கோ. இப்ப அங்க கிறிஸ்மஸுக்கும் உயிர்த்த ஞாயிறுக்கும் பொலிஸும் ஆமியும் பை பாக்கினம். சனம் அதுக்குப் பழகிட்டுது.

#10 வெள்ளைப்புறா

அக்கா, எழுதியதற்கு நன்றி. வேறு ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை.

#11 டெக்சாஸ்மாமா

அந்த அக்கா எழுதியதைப் படித்துவிட்டு வெளியே போய்க் கொஞ்ச நேரம் நடந்தேன்.

சரி, வேலைக்கு வருவோம். தம்பி, துப்பாக்கி கூடாது என்று முடிவெடுத்தால் சும்மா அறிவிப்புப் பலகையில் 'தயவுசெய்து' என்று எழுதி ஒட்டினால் டெக்சாஸில் செல்லாது. 2019 செப்டம்பரிலிருந்து, தடை அறிவிப்பு இல்லாத கோயிலுக்கு லைசென்ஸ்காரர் கொண்டுவரலாம் என்பது சட்டம். 2021-க்கு அப்புறம் லைசென்ஸே பெரும்பாலோருக்குத் தேவையில்லை. தடை வேண்டுமென்றால் சட்டம் சொன்ன வாசகத்தோடு பலகை வேண்டும்: 30.06 மறைத்துக் கொண்டுவருவதற்கு, 30.07 வெளியே தெரிய மாட்டுவதற்கு, 30.05 லைசென்ஸ் இல்லாதவருக்கு. எழுத்து ஒரு அங்குல உயரம், ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும். தமிழுக்கு இடமில்லை, வருத்தப்படாதீர்கள். ஆளிடம் நேரில் வாயால் சொன்னாலும் செல்லும். கட்டடம் உங்களுடையது இல்லை என்பதால் பலகையை அந்தச் சபையார் மாட்டுவதுதான் முறை. காலையில் அவர்கள் என்ன விதி வைத்திருக்கிறார்கள் என்று கேட்டீர்களா?

பணத்துக்கு: ஃபீமா என்ற கூட்டரசுப் பேரிடர் உதவி அமைப்பு வழியாக லாபநோக்கமற்ற அமைப்புகளுக்குப் பாதுகாப்பு மானியம் இருக்கிறது. கேமரா, கதவு, பூட்டு, கண்ணாடிக்கு ஒட்டும் படலம், பயிற்சிக்குக் கிடைக்கும். துப்பாக்கிக்குக் கிடைக்காது. நீங்கள் முதலில் செலவழித்துப் பிறகு திரும்பப் பெறுவது, அதனால் கணக்குப் பிள்ளை ஒருத்தர் வேண்டும். சீசா என்ற கூட்டரசு அமைப்பின் ஆலோசகர் இலவசமாக வந்து கட்டடத்தைச் சுற்றிப் பார்த்துச் சொல்வார்.

#12 பழைய_உபதேசியார்

டெக்சாஸ் அன்பருக்கு. கதவு, பூட்டு என்று எழுதினீர்கள். ஆராதனை நேரத்தில் கதவைப் பூட்டுகிற யோசனை எனக்குக் கசப்பாகவே இருக்கிறது. பிந்தி வருகிறவன் எங்கே போவான்? சார்ல்ஸ்டனில் 2015-ல் வேதபாடத்துக்கு வந்த அந்த வாலிபனுக்கு ஜனங்கள் தங்கள் நடுவே இடம் கொடுத்தார்கள் என்று மகன் காட்டினான். ஒன்பது பேரை இழந்தார்கள். அவர்கள் செய்தது தப்பு என்று என் வாயால் சொல்லமாட்டேன்.

#13 எச்1பி_எட்டாவது_வருஷம்

ஐயா, யாரும் தப்பு என்று சொல்லவில்லை. 2022 ஜனவரியில் இங்கே பக்கத்தில் காலிவில் யூத ஆலயத்தில், குளிரில் நின்றவனை ரபி உள்ளே கூப்பிட்டுத் தேநீர் போட்டுக் கொடுத்தார். அவன்தான் துப்பாக்கியை நீட்டிப் பத்து மணி நேரம் பிடித்துவைத்தான். கடைசியில் ரபி நாற்காலியை அவன்மேல் வீசிவிட்டு, அவனிடம் பிடிபட்டிருந்த மற்ற இருவரையும் கூட்டிக்கொண்டு ஓடினார். முன்னாலேயே எடுத்த பயிற்சிதான் காப்பாற்றியது என்று அவரே சொன்னார்.

பூட்டுவதென்றால் உள்ளே தள்ளினால் திறக்கிற பூட்டு, பக்கத்தில் ஓர் ஆள். பிந்தி வருகிறவர் தட்டினால் அவர் திறப்பார். மினியாபொலிஸில் 2025 ஆகஸ்டில் பூசை தொடங்கியதும் கதவு பூட்டப்பட்டிருந்ததால் சுட்டவன் உள்ளே வர முடியவில்லை. ஜன்னல் வழியாகச் சுட்டு இரண்டு பிள்ளைகளைக் கொன்றான் என்பதும் உண்மை. பூட்டு எல்லாவற்றையும் தடுக்காது, ஆனால் அவன் உள்ளே வந்திருந்தால் என்று நினைத்துப் பாருங்கள். நம் சபையில் பிந்தி வருகிறவர்கள்தான் பாதி என்பதால் கதவாளுக்கு வேலை இருக்கும்.

#14 நாசரேத்_தம்பி

மூன்று வாரம் கழித்து வருகிறேன். கமிட்டி இரண்டு தடவை கூடியது, இரண்டாவது தடவை இரவு பதினொன்றரை வரை. நடந்ததைச் சொல்கிறேன்.

கட்டடச் சபையாரைக் கேட்டோம். காலை ஆராதனைக்குப் பணியில் இல்லாத போலீஸ்காரர் ஒருவரைச் சம்பளத்துக்கு வைத்திருக்கிறார்கள், எங்களுக்குத் தெரியவே தெரியாது. மாதம் ஒரு ஞாயிறும் பண்டிகைக்கும் அவரை மதியமும் இருக்கச் சொல்லி, செலவை நாங்கள் தருவதாகப் பேச்சு நடக்கிறது. தடைப் பலகை மாட்ட அவர்களுக்கு மனமில்லை. அதனால் முழுத் தடை இல்லை. சண்டே ஸ்கூல் வகுப்பு இருக்கும் பகுதிக்கு யாரும் துப்பாக்கியோடு போகக்கூடாது, டீச்சர்களும் கொண்டுவரக்கூடாது என்று சபையில் வாயால் அறிவித்தோம். கொண்டுவருகிற இரண்டு பேரும் மாமா சொன்ன மாதிரி ஹோல்ஸ்டர், பயிற்சி வகுப்பு எல்லாம் முடித்துக் கமிட்டிக்குக் காட்டும்வரை கொண்டுவருவதில்லை என்று ஒத்துக்கொண்டார்கள். அதில் ஒருவருக்குக் கோபம், இரண்டு ஞாயிறாக வரவில்லை. பாத்ரூமில் மறந்தவர் வந்தார். அவராகவே எழுந்து வாசலில் நிற்கிறேன் என்றார். பழைய ஆட்கள் எல்லாரையும் அவருக்குத் தெரியும், அவரே எங்கள் கோயில்குட்டியார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளுக்கு எண் போட்ட அட்டை, அதே எண் தாய் தகப்பனிடம். அட்டை இல்லாமல் பிள்ளை இல்லை. முதல் நாளே ஒரு பாட்டி பேரனைக் கொடுக்கவில்லை என்று அழுதுவிட்டார். சாப்பாடு முன் வராந்தாவிலிருந்து பின் ஹாலுக்குப் போய்விட்டது. டூர்னிகே வகுப்புக்கு 19 பேர் பெயர் கொடுத்தார்கள், அதில் 12 பேர் பெண்கள். உபதேசியார் ஐயா, பிந்தி வருகிறவர்களுக்கு ஆள் போட்டாயிற்று.

டீ-ஷர்ட் அப்படியே கிடக்கிறது. அசனத்துக்குப் பந்தி பரிமாறுகிறவர்கள் உள்பக்கம் வெளியே தெரியும்படி திருப்பிப் போட்டுக்கொள்ளலாம் என்று பொருளாளர் யோசனை சொல்கிறார்.

#15 டெக்சாஸ்மாமா

திருப்பிப் போட்டாலும் எழுத்து நிழல் தெரியும் தம்பி. கார் துடைக்க வையுங்கள். கோபித்துக்கொண்டவரின் நம்பரைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள், நான் பேசிப் பார்க்கிறேன். சனிக்கிழமை இரண்டு பேரையும் ரேஞ்சுக்குக் கூட்டிப்போகிறேன்.

#16 வெள்ளைப்புறா

எல்லாம் சரி. கதவு எத்தனை என்று கேட்டேனே?

#17 நாசரேத்_தம்பி

ஒன்பது அக்கா. எட்டு உள்ளிருந்து தள்ளினால் திறக்கும். அடுப்படிப் பக்கம் இருக்கிற கிழக்குக் கதவுக்கு மட்டும் உள்ளேயும் சாவி வேண்டும்.

#18 வெள்ளைப்புறா

சாவி யாரிடம்?

#19 நாசரேத்_தம்பி

கேட்டுக்கொண்டிருக்கிறேன்.